எச்டி எடிட்டிங் செட்டப்: முதல் பணம் திரைக்கா, பெட்டிக்கா?

ஒன்றரை லட்சம் ரூபாயோடு எடிட்டிங் சிஸ்டம் போட வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான். எந்தக் கார்டு, எத்தனை ஜிபி? மானிட்டர் பேச்சு பில் போடுகிற நேரத்தில்தான் வரும்: "அண்ணே, மிச்சம் பன்னெண்டாயிரம் இருக்கு, அதுக்குள்ள ஒரு 24 இஞ்ச் பார்த்துக் குடுங்க." கேம் விளையாட வாங்குகிற பெட்டிக்கு இந்த வரிசை சரி. கல்யாண வீடியோ, குறும்படம், யூடியூப் என்று எச்டியில் முடித்துக் கொடுக்கிற வேலைக்கு இது தலைகீழ். 1920×1080 டைம்லைனை (வெட்டிய காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டை) இன்றைக்குக் கடையில் விற்கிற நடுத்தரக் கம்ப்யூட்டர் எதுவும் ஓட்டிவிடும். நீங்கள் பார்க்கிற சிவப்பு உண்மையிலேயே அந்தச் சிவப்புதானா என்பதை எந்தக் கார்டும் சொல்லாது.

அதனால் என் வரிசை வேறு. முதலில் திரை. அடுத்து, உங்கள் கேமரா தருகிற ஃபைலுக்குப் பொருந்துகிற சிப். பிறகு டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு கடைசியில். 1080இல் டெலிவரி கொடுக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஓடிடிக்கு 4கே எச்டிஆர் (வெளிச்ச வீச்சு கூடிய வீடியோ) வேலை செய்கிறவர்களின் கணக்கே வேறு, அவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்க ப்ரொடக்ஷன் கம்பெனி இருக்கிறது.

எத்தனை பிக்சல், எத்தனை திரை

எச்டி வேலைக்கு எச்டி மானிட்டர் போதாதா? 24 இஞ்ச் 1920×1080 திரையில் எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்கள். கீழே டைம்லைன், இடப்பக்கம் ஃபைல்களை அடுக்கி வைக்கும் 'பின்' (bin), வலப்பக்கம் எஃபெக்ட்ஸ் எல்லாம் போகப் படம் ஓடும் ஜன்னலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் திரை. 1080 வரிப் படத்தை 540 வரியில் பார்த்துக்கொண்டு ஃபோகஸ் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிறோம். மணப்பெண்ணின் கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் நெற்றிச்சுட்டியில் விழுந்திருந்தால் அந்த அளவில் தெரியாது. வீட்டில் 55 இஞ்ச் டிவியில் போடும்போது பெண்ணின் அக்காவுக்குத் தெரியும்.

27 இஞ்ச், 2560×1440 திரையில் எச்டி படத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்தால் பக்கத்தில் 640 பிக்சலும் கீழே 360 வரியும் மிஞ்சும். நெருக்கடிதான், ஆனாலும் நாலைந்து ட்ராக் தெரியும், வேலை ஓடும். அதே 27 இஞ்சில் 3840×2160 இருந்தால் முழு எச்டி படமும் சரியாகக் கால் திரையில் உட்கார்ந்துவிடும். மீதி முக்கால் பாகமும் டைம்லைனுக்கும், நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து காட்டும் ஸ்கோப்புக்கும்தான். எச்டி மட்டுமே எடிட் செய்கிறவர் 4கே மானிட்டர் வாங்குவது வீண் செலவு என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. விண்டோஸில் எழுத்துகள் பொடியாகத் தெரிந்தால் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்துக்கொள்ளலாம்.

34 இஞ்ச் அல்ட்ராவைட் டைம்லைனுக்கு அருமையாக இருக்கும். மூன்று மணி நேர முகூர்த்த ஃபுட்டேஜை ஒரே வீச்சில் பார்க்கலாம். ஆனால் 3440×1440 திரையில் 16:9 படத்தை முழுத் திரைக்குக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் 440 பிக்சல் கருப்பாகக் கிடக்கும். இந்த அளவில் நடுத்தர விலைக்குக் கிடைப்பவை பல விஏ பேனல் (அதன் குறையைக் கீழே சொல்கிறேன்), அதுவும் வளைந்தவை. வெட்டி ஒட்டுகிற வேலை மட்டும் செய்து, கலரை வேறொருவருக்கு அனுப்புகிறவர் வாங்கலாம். கலரும் நீங்களே என்றால் வேண்டாம்.

இரண்டு திரை வைக்கிற எண்ணம் நல்லது. ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்று நல்லது, இன்னொன்று வீட்டில் கிடக்கும் பழையது. பழையதில் 'பின்', சாட், பாட்டு ஃபோல்டர். நிறம் பார்ப்பது நல்லதில் மட்டும். பட்ஜெட் மிகக் குறைவென்றால் அசூஸ் ப்ரோஆர்ட் பிஏ248க்யூவி மாதிரி 24.1 இஞ்ச், 1920×1200 திரை ஒன்றை முழுத்திரை ப்ரீவ்யூவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். எச்டி படம் முழுதாக உட்கார்ந்து கீழே 120 வரி மிச்சமிருக்கும், கம்ப்யூட்டர் திரைகளின் வழக்கமான நிற எல்லையான எஸ்ஆர்ஜிபியும் முழுதாக வரும்.

நிறம்: இங்கேதான் பணம் வேலை செய்கிறது

எச்டி வீடியோவின் நிற எல்லை ரெக்.709. 1990இல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த இந்தத் தரத்தைத்தான் டிவியும் யூடியூபும் இன்றுவரை எச்டிக்குப் பின்பற்றுகின்றன. இதன் மூன்று அடிப்படை நிறங்களும் எஸ்ஆர்ஜிபியின் நிறங்களும் ஒன்றேதான், வெளிச்சம் ஏறி இறங்கும் வளைவில் மட்டும் வித்தியாசம். ஆகவே மானிட்டர் விவரத்தில் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி அல்லது ரெக்.709 என்று இருந்தால் எச்டிக்கு எல்லை சரி.

மலிவு லேப்டாப் திரைகளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' (பழைய அமெரிக்க டிவித் தரத்தின் நிற எல்லை) என்று போட்டிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அந்தத் திரையில் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும். எடிட்டர் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுவார், திரையில் நன்றாகிவிடும். அதே வீடியோவைக் கல்யாண வீட்டார் தங்கள் ஃபோனில் பார்க்கும்போது குங்குமம் நியான் விளக்காக எரியும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சினிமாவுக்கான அகன்ற நிற எல்லையான டிசிஐ-பி3யில் 98 சதவீதம் என்று பெருமையாக விற்கும் அகன்ற நிறத் திரையை வாங்கி, எஸ்ஆர்ஜிபி மோடில் போடாமல், கலர் மேனேஜ்மென்ட்டும் இல்லாமல் வேலை செய்தால் எல்லாச் சிவப்பும் தேவைக்கு மேல் கொழுத்துத் தெரியும். எடிட்டர் குறைப்பார். ஃபோனில் முகம் சாம்பல் பூத்துப்போகும். அகன்ற திரை கெட்டது என்று சொல்லவில்லை. டெல் யு2723க்யூஇ அப்படிப்பட்டதுதான், 27 இஞ்ச், 4கே, கான்ட்ராஸ்ட் 2000:1, ரெக்.709உம் முழுதாக வரும். ஆனால் அதை அடக்கி வைக்கத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும். எச்டி மட்டும் செய்கிறவருக்கு நான் சொல்வது ரெக்.709ஐ ஒழுங்காகக் காட்டும் சாதாரணத் திரையைத்தான். அசூஸ் பிஏ279சிவி (27 இஞ்ச், 4கே) அல்லது பிஏ278க்யூவி (27 இஞ்ச், 1440). பென்க்யூவின் பிடி வரிசையிலும் இதே ரகம் உண்டு.

பேனலில் ஐபிஎஸ்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. விஏயின் கருப்பு ஐபிஎஸ்ஸைவிட ஆழம் என்பது உண்மை, சாதாரண ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1, விஏயில் சுமார் 3000:1. ஆனால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே விஏயில் இருட்டுப் பகுதி மாறும். கருங்கூந்தலில் வைத்த மல்லிகைக்கு அடியில் முடியின் இழை தெரிகிறதா, மொத்தமாகக் கருப்பில் முழுகிவிட்டதா என்பது நேராக உட்கார்ந்தால் ஒருவிதம், சாய்ந்தால் இன்னொரு விதம். நம் ஊரில் எடிட்டர் தனியாகவா உட்காருகிறார்? பெண் வீட்டார் நாலு பேர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு கோணத்தில் "கொஞ்சம் வெளிச்சம் ஏத்துங்க தம்பி" என்பார்கள். நாலு பேருக்கும் ஒரே படம் தெரியவாவது ஐபிஎஸ் வேண்டும்.

பெட்டியில் 'எச்டிஆர் 400' ஸ்டிக்கர் இருந்தால் அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். திரைத் தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பின் எச்டிஆர் தரவரிசையில் ஆகக் கீழ்ப்படி அது.

ஓஎல்இடி டிவியை மானிட்டராக வைக்கலாமா? எல்ஜியின் சி வரிசை 42 இஞ்ச் டிவியைப் பலர் அப்படி வைத்திருக்கிறார்கள். கருப்பு கருப்பாகவே இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாகப் பிசகாது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டூல்பாரும் டைம்லைன் கோடும் ஓஎல்இடிக்கு ஆகாது, தடம் பதியும். படத்தில் வெள்ளைப் பரப்பு கூடினால் டிவி தானாகவே பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும் தொல்லை வேறு. மாப்பிள்ளையும் தோழர்களும் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் ஷாட்டில் இதை நேரில் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குக் காட்டும் இரண்டாவது திரையாகச் சுவரில் மாட்டுங்கள், மேசையில் வைத்து எடிட் செய்ய வேண்டாம்.

பிரகாசம், அறை, ஹெர்ட்ஸ்

எச்டியை கிரேட் செய்யும் (நிறம் திருத்தும்) திரை சுமார் 100 நிட் பிரகாசத்தில் இருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பெரும்பாலும் 250, 300 நிட்டில் கண்ணைப் பறிக்கும். அப்படியே வைத்து வேலை செய்தால் படம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றி, நீங்கள் கொடுக்கிற வீடியோ இருட்டாகப் போகும். "ரிசப்ஷன் ஏன் இவ்வளவு டல்லா இருக்கு?" என்ற கேள்விக்குப் பல நேரம் கேமராமேன் காரணமே இல்லை. அறையிலும் கவனம் வேண்டும். இளஞ்சிவப்புச் சுவர், திரையில் நேராக விழும் ட்யூப்லைட் இரண்டும் எவ்வளவு நல்ல மானிட்டரையும் கெடுக்கும். திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் எல்இடி பட்டை ஒன்று, சாம்பல் நிறச் சுவர், ஜன்னலுக்குத் திரைச்சீலை. எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. நாம் பெரும்பாலும் 25 ஃப்ரேமில் எடுக்கிறோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃப்ரேம் சமமாகப் பிரியாது. சில ஃப்ரேம் இரண்டு தடவை, சில மூன்று தடவை காட்டப்படும். மண்டபத்தை மெல்லச் சுற்றி வரும் பேன் ஷாட் லேசாகத் தத்தும். கேமராமேனின் கை நடுக்கம் என்று நினைத்து எடிட்டர் ஸ்டெபிலைசர் போட்டு மல்லுக்கட்டுவார். பிஏ278க்யூவி, பிஏ248க்யூவி இரண்டும் 75 ஹெர்ட்ஸ். 25ஐ மூன்றால் பெருக்கினால் 75, கச்சிதம். பல மானிட்டர்களை 50 ஹெர்ட்ஸிலும் ஓட்டலாம், டிஸ்ப்ளே செட்டிங்கில் பாருங்கள்.

கம்பெனியிலிருந்து கேலிப்ரேஷன் தாளோடு வந்தாலும் திரையின் நிறம் நாளாக நாளாக நகரும். கேலிப்ரைட் அல்லது டேட்டாகலர் ஸ்பைடர் மாதிரி, திரையின் நிறத்தை அளந்து திருத்த உதவும் கலரிமீட்டர் ஒன்று வேண்டும். தனியாக வாங்க மனம் வராவிட்டால் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், மாதம் ஒருமுறைதானே வேலை.

கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே கேபிள் வழியாக வரும் படத்தில் விண்டோஸும் மேக்கும் இடையில் புகுந்து எதையாவது செய்யும். மேக்கில் குயிக்டைம் பிளேயர் கொஞ்சம் வெளிறிக் காட்டுவது பழைய புகார். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ப்ளாக்மேஜிக்கின் அல்ட்ராஸ்டூடியோ மானிட்டர் 3ஜி என்ற சின்னப் பெட்டி, தண்டர்போல்ட்டில் செருகினால் எடிட்டிங் சாஃப்ட்வேரிலிருந்து நேராக 1080, 60 ஃப்ரேம் வரை எச்டிஎம்ஐயிலும் எஸ்டிஐயிலும் (ஸ்டூடியோக்களில் புழங்கும் வீடியோ கேபிள்) அனுப்பும். டவர் என்றால் உள்ளே செருகும் டெக்லிங்க் மினி மானிட்டர் 4கே. டிவி சேனலுக்கு 1080i50இல், அதாவது ஒரு ஃப்ரேமின் வரிகளை இரண்டு 'ஃபீல்டாக'ப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்பும் இன்டர்லேஸ் முறையில், கொடுக்கிறவர்களுக்கு இது அவசியமே. ஃபீல்டு வரிசை மாறிப்போனால் கம்ப்யூட்டர் மானிட்டரில் கண்டுபிடிக்க முடியாது, எஸ்டிஐ வழியாக இன்டர்லேஸ் காட்டும் திரையில் பல்லிளிக்கும். கல்யாண வீடியோவுக்கு மட்டும் என்றால் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் ஃபைலுக்கு எந்தச் சிப்?

சோனி ஏ7 III கேமரா தருவது எச்.264, 8 பிட், 4:2:0. எச்.264, எச்.265 என்பவை வீடியோவைச் சுருக்கும் முறைகள், மற்ற எண்கள் நிறத் தகவல் எவ்வளவு என்பதைக் குறிப்பவை. பழைய கம்ப்யூட்டரும் அதை ஓட்டும். கேனான் ஆர்6இல் கேனான் லாக் (பிறகு கலர் திருத்துவதற்காக வெளிறலாக எடுக்கும் மோடு) போட்டு எடுத்தால் வருவது எச்.265, 10 பிட், 4:2:2. இரண்டையும் அதே பழைய பெட்டியில் ஒரே டைம்லைனில் போட்டு, கெட்டிமேளம் தொடங்கும் இடத்தைத் தேடி பிளேஹெட்டை இழுத்துப் பாருங்கள். முதல் ஃபைல் கையோடு வரும். இரண்டாவதில் மேளம் எங்கேயோ போய்விடும், மாப்பிள்ளை கையில் தாலியோடு அப்படியே நிற்பார்.

எச்.265இல் பெரும்பாலான ஃப்ரேம்கள் முன்பின் ஃப்ரேம்களைச் சார்ந்தே எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் சுற்றியுள்ளவற்றையும் பிரிக்க வேண்டும். அதற்கென்று தனிச் சர்க்யூட் சிப்பில் இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் பிராசசர் மூச்சு வாங்கும். 10 பிட் 4:2:2 எச்.265க்கு அந்தச் சர்க்யூட் ஆப்பிளின் எம்1 முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்டெலில் 11ஆம் தலைமுறை முதல், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் இருக்கிறது. என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆர்டிஎக்ஸ் 4090 வாங்கியவருக்கும் இது கிடையாது! ரைசன் 7000, 9000 பிராசசர்களின் உள் கிராபிக்ஸிலும் இல்லை.

ஆகவே இன்டெல் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-14400க்கும் ஐ5-14400எஃப்புக்கும் விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு போடப்போகிறோமே, எதற்கு வீணாக என்று கடைக்காரர் எஃப்பைத்தான் நீட்டுவார். கேம் ஆடுகிறவருக்கு அவர் சொல்வது சரி, உங்களுக்கு இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும், இன்டெலின் ஜியான் பிராசசர் வைத்த பழைய வொர்க்ஸ்டேஷன்களும் இதில் மாட்டும். எச்பி இசட்440 மாதிரிப் பெட்டிகள் இரும்புக் கோட்டை போல இருக்கும், ரேம் நிறைய ஏறும், ஆனால் உள் கிராபிக்ஸ் கிடையாது. 8 பிட் எச்.264 மட்டும் எடிட் செய்கிறவருக்கு நல்ல பேரம்.

சரியான சிப் இல்லாதவர் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு இலகுவான நகல், போட்டுக்கொள்ளலாம். 1080, 25 ஃப்ரேமில் ஆப்பிளின் ப்ரோரெஸ் ப்ராக்ஸி ஃபார்மட் நொடிக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 ஜிபி. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் தயார். மறுநாளே ஹைலைட்ஸ் கேட்கிற வீட்டாருக்கு மட்டும் இது ஒத்துவராது.

மேக் மினி, டவர், லேப்டாப்

எம்4 மேக் மினி 2024 நவம்பரில் 16 ஜிபி ரேமோடு 59,900 ரூபாய்க்கு வந்தபோது எச்டி எடிட்டர்களின் கணக்கே மாறிப்போனது. மேலே சொன்ன சர்க்யூட் இருக்கிறது, ப்ரோரெஸ்ஸுக்குத் தனியாக ஒன்றும் இருக்கிறது, சத்தமே இல்லை, மின்சாரம் அதிகபட்சம் 65 வாட். குறைகளும் தெளிவு. 256 ஜிபி டிஸ்க் ஒரு கல்யாணத்துக்கே பற்றாது. ரேமைப் பிறகு கூட்ட முடியாது. எஸ்டி கார்டு ஸ்லாட்டும் இல்லை, பழைய யூஎஸ்பி துளையும் இல்லை, முதல் நாளே ஹப் வாங்க வேண்டும். டிஸ்க்குக்கு ஆப்பிள் கேட்கிற கூடுதல் விலையைக் கொடுக்காமல் வெளியே என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி) டிஸ்க் ஒன்றைப் பெட்டியில் போட்டுத் தண்டர்போல்ட்டில் மாட்டுங்கள்.

டவரின் பலம், கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாம் என்பது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளைப் பெட்டி) போனால் அன்று மாலையே புதியது போட்டுவிடலாம். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரில் நாய்ஸ் ரிடக்ஷன் (இருட்டுக் காட்சியின் புள்ளிகளைத் துடைப்பது) அடிக்கடி போடுகிறவருக்குத் தனிக் கார்டு உண்மையாகவே உதவும், 8 ஜிபி விராம் (கார்டின் சொந்த மெமரி) எச்டிக்குப் போதும். அந்த நாய்ஸ் ரிடக்ஷன் 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பில்தான் கிடைக்கும் என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள். இலவசப் பதிப்பு யூஎச்டி (3840×2160) வரை எக்ஸ்போர்ட் செய்யும், எச்டிக்காரருக்கு அந்த வரம்பு தடையே இல்லை. டவருக்கு எதிராக இப்போது நிற்பது ரேம் விலை. 2025 கடைசியில் ஏறியதிலிருந்து 32 ஜிபி போடுவது முன்புபோல் சில்லறைச் செலவு இல்லை.

லேப்டாப், மண்டபத்திலேயே ஸ்பாட் எடிட்டிங் செய்து ரிசப்ஷனில் எல்இடி சுவரில் போடுகிறவருக்கு மட்டும். மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது, நீண்ட ரெண்டரில் சூடேறி வேகம் குறையும்.

ஒன்றரை லட்சத்தை எப்படிப் பிரிப்பது? மேக் மினி என்றால் பெட்டிக்கு 60 ஆயிரம், 27 இஞ்ச் 4கே திரைக்கும் கலரிமீட்டருக்கும் 55 ஆயிரம், மீதி டிஸ்க், ஹப், யூபிஎஸ். தனிக் கார்டு போட்ட டவர் என்றால் பெட்டியே 90 ஆயிரத்தைத் தாண்டும். அப்போது திரை 1440க்கு இறங்கும், கலரிமீட்டர் நண்பரிடம் இரவல். எச்டி மட்டும், நாய்ஸ் ரிடக்ஷன் எப்போதாவது என்றால் முதல் பிரிவினைதான் என் தேர்வு. விலைகள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

டிஸ்க்கும் கரன்ட்டும்

ப்ரோரெஸ் 422 எச்டி, 25 ஃப்ரேமில் நொடிக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிபி. நொடிக்கு 550 மெகாபைட் தரும் சாட்டா எஸ்எஸ்டியே இதற்கு ஏராளம். ஜென்4, ஜென்5 என்று அதிவேக என்விஎம்இக்குக் காசைக் கொட்டாமல் அதே பணத்தில் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எடிட் செய்வது எஸ்எஸ்டியில், ஒரிஜினல் ஃபுட்டேஜ் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், அதில் ஒன்று ஸ்டூடியோவுக்கு வெளியே யார் வீட்டிலாவது. கல்யாணத்தை ரீடேக் எடுக்க முடியாது.

யூபிஎஸ்ஸில் மேக் மினியும் ஒரு மானிட்டரும் 600 விஏயில் நிம்மதியாக ஓடும். கார்டு போட்ட டவருக்கு 1 கேவிஏ வேண்டும், அதுவும் சைன் வேவ் தருவதாக இருந்தால் நல்லது. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) வைத்த சில எஸ்எம்பிஎஸ்கள் மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலையில் கரன்ட் போன நொடியே அணைந்துவிடும், யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. மானிட்டரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள், திரை அணைந்த பிறகு ப்ராஜெக்டை எப்படிச் சேவ் செய்வது? திரையைக் கடையிலேயே பிரித்து, முழுக் கருப்பு, முழு வெள்ளை, நடுச் சாம்பல் மூன்றையும் போட்டு டெட் பிக்சலும் மூலைகளில் ஒளிக்கசிவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பில் கேளுங்கள். எத்தனை டெட் பிக்சலுக்கு மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதையும் வாரண்டி அட்டையில் படித்துவிடுங்கள்.